பழைய போட்டோ ஸ்கேன் பண்றப்போ கோடு, மங்கல், செவப்பு, பூசணம்: எது வந்தா என்ன பண்றது

ஆறேழு வருஷமா சொந்தக்காரங்க வீட்டு டிரங்க் பெட்டி, பீரோ மேல கிடக்குற ஆல்பம், சுவத்துல மாட்டுன ஃப்ரேம்னு எல்லாத்தையும் வீட்லயே ஸ்கேன் பண்ணிட்டு இருக்கேன். அதைக் கேள்விப்பட்டு அவங்கவங்க சொந்தமா ஒரு ஸ்கேனர் வாங்கிட்டு எனக்கு போன் போடுவாங்க, "கோடு விழுதுடா", "செவப்பா இருக்குடா", "மங்கலா வருதுடா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன். உங்களுக்கு என்ன பிரச்சனையோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க. காசு செலவாகாத காரணம் முதல்ல, பர்ஸைத் தொடுறது கடைசில.

ஒண்ணு மட்டும் எல்லாத்துக்கும் பொது: போட்டோவை ஈரம் வெச்சுத் துடைக்காதீங்க. கலர் தீட்டின பழைய கருப்பு வெள்ளைப் படம் ஒண்ணுல அழுக்கா இருக்கேன்னு பஞ்சுல தண்ணி தொட்டு ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன், பாட்டியோட சேலைக் கலர் பஞ்சுக்கு வந்துடுச்சு, போட்டோல சேலை வெள்ளையாயிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் அத்தை அதைச் சொல்லிக் காட்டுறாங்க. ஸ்கேன் மோசமா வந்தா நாளைக்குத் திரும்ப எடுத்துக்கலாம், படம் போனா போனதுதான்.

## ஸ்கேனர் கம்ப்யூட்டர்ல தெரியவே மாட்டேங்குது, இல்ல கடகடன்னு சத்தம் போட்டு நின்னுடுது

யூஎஸ்பி ஹப், எக்ஸ்டென்ஷன் ஒயர் எல்லாத்தையும் கழட்டிட்டு நேரா கம்ப்யூட்டர்ல சொருகுங்க, வேற போர்ட்ல பாருங்க, வேற கேபிள்ல பாருங்க. பாதி கேஸ் இங்கயே முடிஞ்சுடும்.

கடகட சத்தம்னா முதல்ல ஸ்கேனரைத் தூக்கி அடியிலயும் பக்கவாட்டுலயும் பாருங்க. பழைய பிளாட்பெட்ல, அதாவது கண்ணாடி மேல படத்தை வெச்சு மூடி எடுக்குற ஸ்கேனர்ல, பூட்டுப் படம் போட்ட ஒரு ஸ்விட்ச் இருக்கும், தூக்கிட்டுப் போறப்போ உள்ள படத்தைப் படிச்சுட்டே ஓடுற ஹெட் ஆடக்கூடாதுன்னு வெச்சது. மாமா வீட்ல பத்து வருஷம் அட்டைப்பெட்டிக்குள்ள கிடந்த ஸ்கேனரை "செத்துப்போச்சு, எடைக்குப் போடப்போறேன்"னாரு, போய்ப் பார்த்தா பூட்டு போட்டபடியே இருக்கு. தள்ளி விட்டேன், ஓடுது.

டிரைவர் இல்லைன்னு விண்டோஸ் சொன்னா கம்பெனி சைட்ல தேடுங்க. பழைய மாடலுக்குப் பல கம்பெனி டிரைவர் தர்றதை நிறுத்திட்டாங்க, அப்போ வியூஸ்கேன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, பழைய ஸ்கேனர் நிறையவே அதுல ஓடும், காசு கட்டணும், ஆனா கட்டுறதுக்கு முன்னாடி ட்ரையல்ல உங்க மாடல் ஓடுதான்னு பார்த்துக்கலாம், படத்து மேல வாட்டர்மார்க் விழும் அவ்ளோதான். காசு வேணாம்னா ஒரு பழைய லேப்டாப்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு இலவச சிஸ்டம் இருக்கு, அதைப் போட்டு ஓடுதான்னு பாருங்க.

பூட்டு திறந்திருக்கு, ஆனாலும் கடகடங்குதுன்னா உள்ள பெல்ட்டோ பல்சக்கரமோ போயிருக்கும். சர்வீஸ் ஆளுகிட்ட முதல்ல எவ்ளோ ஆகும்னு போன்லயே கேளுங்க, புது சின்ன ஸ்கேனர் விலையில பாதியைத் தாண்டுச்சுன்னா விட்டுடுங்க.

## நீளமா ஒரு கோடு, எல்லாப் படத்துலயும் அதே இடத்துல

வெள்ளைத்தாள் ஒண்ணு வெச்சு ஸ்கேன் பண்ணுங்க. கோடு இல்லைன்னா அது போட்டோல இருக்குற கீறல், ஸ்கேனரைத் திட்டாதீங்க. கோடு இருந்தா அது ஹெட் ஓடுற திசையிலதான் நீளமா விழுந்திருக்கும், அதுக்குக் காரணம் ஏதோ ஒரு சின்ன தூசி. ஹெட் கிளம்புற இடத்துல ஒரு வெள்ளைப் பட்டை இருக்கு, ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துத்தான் ஸ்கேனர் "இதுதான் வெள்ளை"ன்னு அளவு எடுத்துக்கும், அதுல ஒரு துளி அழுக்கு இருந்தாலும் பக்கம் முழுக்க கோடா இழுத்துடும்.

கண்ணாடியை மைக்ரோஃபைபர் துணியால, முக்கியமா ஹெட் நிக்குற ஓரத்துல, நல்லா துடைங்க. லிக்விட் வேணும்னா துணில தெளிச்சுத் துடைங்க, கண்ணாடி மேல நேரா தெளிச்சா விளிம்பு வழியா உள்ள இறங்கி அடிப்பக்கம் திட்டாயிடும், அப்புறம் அது தனி பஞ்சாயத்து. துடைச்சுட்டு ஸ்கேனரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அப்பவும் கோடு நின்னா தூசி கண்ணாடிக்கு உள்ள இருக்கு. வாரண்டி இருக்குறப்போ நீங்களா ஸ்க்ரூவைக் கழட்டாதீங்க, சர்வீஸுக்குக் குடுங்க.

ஆல் இன் ஒன் பிரிண்டர்ல மேல தாள் இழுக்குற ஃபீடர் இருக்குமே, அதுல கோடு வருதுன்னா பக்கத்துல இருக்குற ஒல்லியான கண்ணாடிப் பட்டையைத் துடைங்க. ஆனா பழைய போட்டோவை ஃபீடர்ல விடணும்னு ஏன்தான் தோணுதோ! ரோலர் மடக்கிடும், ஓரம் கிழியும். கீழ கண்ணாடி மேல வெச்சே எடுங்க.

கோடா இல்லாம புள்ளிப் புள்ளியா வந்தா சாதாரண தூசி. கேமராவுக்கு விக்குற ரப்பர் ப்ளோயரால ஊதுங்க. வாயால ஊதினா எச்சில் தெறிக்கும்.

## மங்கலா வருது

முதல்ல லென்ஸ் வெச்சு ஒரிஜினலைப் பாருங்க. எடுத்தவர் கை ஆடியிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

ஒரிஜினல் தெளிவா இருந்து ஸ்கேன் மட்டும் மங்குதுன்னா போட்டோ கண்ணாடில படியல. ஓரம் சுருண்டிருக்கும், இல்ல நடுவுல மேடா இருக்கும். மூடி மேல ஒரு கனமான புக் வெச்சுப் பாருங்க. கையால அமுக்கி நிமிர்த்தாதீங்க, பழசுக்கு மேல்பூச்சு அப்பளம் மாதிரி, பட்டுனு விரிசல் விடும். ரெண்டு பக்கமும் பட்டர் பேப்பர் வெச்சு அகராதி மாதிரி கனமான புக்குக்கு அடியில ஒரு வாரம் போட்டா ஓரளவு படியும். ஸ்கூல் குரூப் போட்டோ குழல் மாதிரி சுருண்டு கிடந்தா அதைப் பிரிக்கவே பிரிக்காதீங்க, அது கன்சர்வேட்டர் (பழைய படத்தைக் கெடாம சரிபண்றதையே தொழிலா வெச்சிருக்குறவர்) வேலை.

அப்புறம் ஸ்கேனரோட வகை. இப்போ கிடைக்குற ஒல்லியான ஸ்கேனருங்க, கேனான் லைடு மாதிரி, எப்சன் வி39 மாதிரி, சிஐஎஸ் சென்சார். கண்ணாடியை ஒட்டி இருக்குறது மட்டும்தான் ஷார்ப்பா வரும், ரெண்டு மூணு மில்லி மேல தூக்கி நின்னாலே மங்கிடும். எப்சன் வி600 மாதிரி குண்டா இருக்குறது சிசிடி, கொஞ்சம் தூரத்துல இருந்தாலும் சமாளிக்கும். தடி அட்டைல ஒட்டுன ஸ்டூடியோ படம் பெரும்பாலும் வளைஞ்சுதான் இருக்கும், அதுக்கு சிஐஎஸ்ஸோட போராடாம சிசிடி வெச்சிருக்குறவங்க யாராவது இருக்காங்களான்னு கேளுங்க. அட்டையோட சேர்த்து முழுசா எடுங்க, கீழ அழுத்தி அடிச்ச ஸ்டூடியோ பேரும் ஊரும் இருக்கும், தாத்தா எந்த வருஷம் எந்த ஊர்ல இருந்தாருன்னு பல வீட்ல அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம்.

படியுது, ஸ்கேனரும் நல்லதுதான், ஆனா பெருசாக்கினா கட்டம் கட்டமா வருதுன்னா டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்குற கணக்கு, கம்மி. 4க்கு 6 இன்ச் படத்தை 300ல எடுத்தா 1200க்கு 1800 புள்ளி, 600ல எடுத்தா 2400க்கு 3600, அதாவது 8.6 மெகாபிக்சல். சாதாரண பிரிண்டுக்கு 600 போதும், அதுக்கு மேல போனா பேப்பரோட சொரசொரப்புதான் பெருசாத் தெரியும். பாஸ்போர்ட் சைஸ் படம் மட்டும்தான் மிஞ்சியிருக்கு, அதைப் பெருசாக்கி மாட்டணும்னா 1200. டப்பா மேல 9600, 19200ன்னு போட்டிருப்பாங்க, அதுல பெரும்பகுதி சாஃப்ட்வேர் இட்டுக்கட்டுனது.

## போட்டோ ஃப்ரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு

எனக்கு அதிகமா வர்ற போன் இதுதான். ஹால்லயோ சாமி ரூம்லயோ மாட்டியிருக்குற தாத்தா படம், கண்ணாடி மேல சந்தனம் குங்குமம், பின்னாடி ஈரச்சுவர், முப்பது நாப்பது வருஷ சாம்பிராணிப் புகை. போட்டோ மேல இருக்குற பூச்சு ஜெலட்டின், ஈரம் பட்டா இளகும், காஞ்சா பக்கத்துல என்ன இருக்கோ அதைப் பிடிச்சுக்கும்.

முதல்ல ஒட்டியிருக்கான்னு நிச்சயம் பண்ணுங்க. ஃப்ரேமைச் சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க, ஒட்டுன இடம் மட்டும் ஈரம் பட்ட மாதிரி கருத்துத் தெரியும், ஒட்டாத இடம் லேசா வெளுத்துத் தெரியும். எங்கயுமே ஒட்டலைன்னா ஃப்ரேமைக் குப்புறப் போட்டு, பின்னாடி இருக்குற ஆணியைக் குறடால மெதுவா எடுத்து, அட்டையைத் தூக்கிட்டுப் படத்தை எடுங்க, அட்டைக்குள்ள ராமபாணப்பூச்சி ஓடும், பயப்படாதீங்க. தூக்குறப்போ ஒரு மூலை வரமாட்டேன்னா அங்கயே கையை எடுத்துடுங்க. இழுக்காதீங்க. பிளேடு விடாதீங்க, ஹேர் டிரையர் காட்டாதீங்க, தண்ணில ஊறப் போட்டா வந்துடும்னு வீடியோல காட்டுறாங்களே அதையும் பண்ணாதீங்க, கலர் தீட்டின படமோ இங்க் ஜெட் பிரிண்டோ இருந்தா கரைஞ்சே போயிடும்.

கண்ணாடியோடவே எடுத்துடலாம். வெளிப்பக்கத்தைக் காஞ்ச துணியால துடைங்க. குங்குமத்தைத் துடைக்குறதுக்கு முன்னாடி வீட்ல பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, ஒரு வீட்ல கேக்காம துடைச்சுட்டு நான் வாங்கிக்கட்டிக்கிட்டது போதும். மர ஃப்ரேமைக் கழட்ட முடிஞ்சா கண்ணாடியும் படமும் சேர்ந்தாப்புல சிசிடி ஸ்கேனர்ல வெச்சு எடுக்கலாம். சிஐஎஸ்ல மங்கும்.

ஸ்கேனர்ல ஆகலைன்னா போன் கேமரா. வெயில் நேரா விழாத ஜன்னல் பக்கத்துல தரையில படுக்கப் போட்டு, ரூம் லைட்டு எல்லாம் ஆஃப், ஃபிளாஷ் ஆஃப், போனை மட்டமா பிடிச்சு கொஞ்சம் தூரத்துல நின்னு லேசா ஜூம் பண்ணி எடுங்க, கிட்டப் போய் எடுத்தா ஓரம் வளையும். உங்க முகமும் சட்டையும் கண்ணாடில தெரியும், அதுக்கு ஒரு கருப்புத் துணில லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு முன்னாடி பிடிச்சுக்கோங்க. எங்க வீட்ல அம்மாவோட பழைய கருப்புப் பாவாடை இதுக்குன்னே ஓட்டை வாங்கியிருக்கு. கூகுளோட போட்டோஸ்கேன் ஆப் நாலு மூலையில இருந்து எடுத்து மினுமினுப்பை நீக்கும், அவசரத்துக்கு நல்லது, ஆனா ஷார்ப்னஸ் கொஞ்சம் அடிவாங்கும்.

வீட்லயே ஒரே பிரதிதான், பிரிச்சே ஆகணும்னா கன்சர்வேட்டர்கிட்டதான் போகணும். ஃப்ரேம் கடைக்காரர் "நான் எடுத்துத் தர்றேன்"னு சொன்னா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க.

## ஆல்பத்தை விட்டு வரமாட்டேங்குது

பசைக்கோடு போட்ட அட்டை, மேல பிளாஸ்டிக் ஷீட்டு மூடுற ஆல்பம். ஷீட்டை மட்டும் தூக்கிட்டு பக்கத்தோடவே ஸ்கேன் பண்ணிடுங்க, பத்துக்கு எட்டுல அதுவே போதும். பின்னாடி எழுதியிருக்குன்னு தெரிஞ்சா மட்டும் மெழுகில்லாத பல் ஃபிளாஸ் நூலை மூலையில விட்டு, போட்டோவுக்கும் அட்டைக்கும் நடுவுல ரம்பம் மாதிரி மெதுவா இழுத்துட்டுப் போங்க. நூல் சிக்கினா நிறுத்துங்க.

## கலர் படம் எல்லாம் செவந்து போச்சு

எழுபது எண்பதுகள்ல எடுத்த கலர் பிரிண்டு நிறைய இப்படித்தான். பெட்டிக்குள்ள இருட்டுலயே இருந்தாலும் அந்தக் காலத்துப் பேப்பர்ல சயான் சாயம் முதல்ல வெளுத்துடும், மிச்சம் இருக்குறது செவப்பு. ஸ்கேனர் மேல தப்பே இல்ல.

ஸ்கேன் சாஃப்ட்வேர்ல ஆட்டோ கலர், ரெஸ்டோர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. 48 பிட் கலர், டிஃப் (TIFF) ஃபைல்னு வெச்சு எடுங்க. 4க்கு 6 படம் 600 டிபிஐல 52 எம்பி வரும், பரவால்ல, வெளுத்த சாயத்தை இழுத்துப் பெருக்குறப்போ ஜேபெக்கா இருந்தா வானமும் கன்னமும் திட்டுத்திட்டா உடையும். அப்புறம் கிம்ப்னு இலவச போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல லெவல்ஸைத் திறந்து, செவப்பு பச்சை நீலம்னு தனித்தனியா எடுத்து, கிராஃப் எங்க ஆரம்பிக்குதோ எங்க முடியுதோ அங்க ரெண்டு முனையையும் நகர்த்துங்க. வெள்ளைக்கு எதைப் பார்க்குறதுன்னு குழப்பமே வேணாம், நம்ம வீட்டுப் படத்துல எங்கயாவது ஒரு வேட்டியோ தலையில மல்லிப்பூவோ கட்டாயம் இருக்கும். தலைமுடியை கருப்பாக்குங்க, வேட்டியை வெள்ளையாக்குங்க, முகம் தன்னால பக்கத்துல வந்துடும். ஆனா கல்யாணப் படத்துல வேட்டி மஞ்சள்ல நனைச்சதா இருக்கலாம், நான் ஒரு தடவை மாப்பிள்ளை வேட்டியை சலவைக்குப் போட்ட மாதிரி ஆக்கிட்டு அம்மாகிட்ட திட்டு வாங்கினேன்.

சரிப்படலைன்னா நெகட்டிவ் எங்கயாவது இருக்கான்னு தேடுங்க, அதுல கலர் இன்னும் மிஞ்சியிருக்கலாம். அதுவும் இல்லைன்னா கருப்பு வெள்ளையா மாத்திடுங்க, கேவலமான கலரை விட நல்லா இருக்கும். ஏஐ ஆப்ல குடுத்தா பளபளன்னு வரும், ஆனா பாட்டி மூக்கு பாட்டி மூக்கா இருக்காது. அப்படிப் பண்ணுனதைத் தனி ஃபைலா வெச்சுக்கோங்க, ஸ்கேன் மேலயே சேவ் பண்ணிடாதீங்க.

## கருப்பு வெள்ளைல இருட்டு இடம் எல்லாம் நீலமா, வெள்ளி மாதிரி மினுக்குது

இதைப் பார்த்துப் பூசணம்னு நினைச்சுத் துடைக்குறவங்க அதிகம். படத்துல இருக்குற வெள்ளி காத்து, ஈரம் பட்டு மேல வந்து படிஞ்சது இது. துடைச்சா படமும் சேர்ந்து வரும். போட்டோவை 90 டிகிரி திருப்பி வெச்சு இன்னொரு தடவை ஸ்கேன் பண்ணுங்க, சில படத்துல அதுவே குறையும். இல்லைன்னா ஜன்னல் வெளிச்சம் சாய்வா விழுற மாதிரி வெச்சு போன்ல எடுங்க. அதுக்கு மேல லைட்டுக்கும் லென்ஸுக்கும் போலரைசர்னு மினுமினுப்பைக் குறைக்குற ஃபில்டர் போட்டு எடுக்குற போட்டோகிராஃபர் கிடைச்சா அவர்கிட்ட குடுக்கலாம், செலவாகும், முக்கியமான படத்துக்கு மட்டும்.

## தேன்கூடு மாதிரி புள்ளி, இல்ல வளையம் வளையமா வருது

படம் முழுக்க ஒரே சீரா தேன்கூடு மாதிரி இருந்தா அது சில்க் பேப்பர் பிரிண்டு, பேப்பர் மேலயே மேடு பள்ளம் இருக்கும். ஒரு தடவை நேரா, ஒரு தடவை 180 டிகிரி திருப்பி ஸ்கேன் பண்ணி, ரெண்டாவதைக் கம்ப்யூட்டர்ல நேராக்கி, முதல் படத்து மேல வெச்சு 50 சதவீதம் தெரியுற மாதிரி வைங்க. ஒண்ணுல நிழல் விழுந்த இடத்துல இன்னொண்ணுல வெளிச்சம், ரெண்டும் சேர்ந்தா பெரும்பாலும் மறைஞ்சுடும். பொறுமை வேணும், நூறு படத்துக்கு இதைப் பண்ண முடியாது.

வானவில் மாதிரி கலர் வளையம்னா பளபளப்பான படம் கண்ணாடியோட அங்கங்க ரொம்ப ஒட்டுது. ஓரத்துல ஒல்லியான அட்டைச் சட்டம் வெச்சு ஒரு நூலளவு தூக்குங்க. பத்திரிகைல வந்த படம், கல்யாணப் பத்திரிகைப் படம்னா ஸ்கேன் சாஃப்ட்வேர்ல டீஸ்க்ரீன்னு அச்சுப் புள்ளியை மறைக்குற வசதியை ஆன் பண்ணுங்க.

## வெள்ளைப் பூ பூத்த மாதிரி, சிலந்தி வலை மாதிரி

இதுதான் நிஜமான பூசணம். ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சதும் பெட்டியைத் திறந்தா தெரியும். அந்தப் படங்களை மத்ததுல இருந்து உடனே பிரிச்சுடுங்க. மாஸ்க் போட்டுக்கோங்க. நிழல்ல, வெயில் படாம, ரெண்டு மூணு நாள் நல்லா காய விடுங்க. பூசணம் உலர்ந்து பொடியானதுக்கு அப்புறம் வெளியில, வீட்டுக்குள்ள இல்ல, மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால லேசா தட்டி விடுங்க. ஈரமா இருக்குறப்போ தொட்டா தேய்ச்சு உள்ள ஏத்துற மாதிரிதான். ஸ்கேன் பண்ணதும் கண்ணாடியைத் துடைச்சுட்டு அடுத்த படத்தை வைங்க. படம் பிசுபிசுன்னு இருந்தாலோ ஒண்ணோட ஒண்ணு கட்டியா ஒட்டியிருந்தாலோ உங்க வேலை அங்க முடிஞ்சது, கன்சர்வேட்டர்தான்.

## நெகட்டிவை வெச்சா வெறும் கருப்பு

சாதாரண ஸ்கேனர் கீழ இருந்து வெளிச்சம் அடிச்சு திரும்பி வர்றதைப் பார்க்கும். நெகட்டிவுக்கு மேல இருந்து வெளிச்சம் வரணும், மூடிக்குள்ள லைட்டு இருக்குற மாடல்தான் வேணும். அது இல்லைன்னா டேப்லெட்ல வெள்ளைத் திரை வெச்சு, ஒரு ரெண்டு இன்ச் மேல தூக்கி நெகட்டிவைப் பிடிச்சு போன்ல எடுத்து கலரைத் தலைகீழாக்குங்க. தூக்காம வெச்சா திரையோட புள்ளி தெரியும்.

35 எம்எம்க்கு 2400 டிபிஐக்குக் குறையாதீங்க, அந்தச் சட்டமே 24க்கு 36 மில்லிதான். அக்ஃபா கிளிக் த்ரீல எடுத்த சதுர நெகட்டிவ் நிறைய வீட்ல இருக்கும், 6க்கு 6 சென்டிமீட்டர், அதுல 1200லயே அருமையா வரும். ஓரத்துல INDUன்னு இங்கிலீஷ்ல இருந்தா ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு, கம்பெனியே 1960லதான் ஆரம்பிச்சது, அதனால படம் அதுக்கு முன்னாடி எடுத்ததா இருக்க முடியாது. கருப்பு வெள்ளை நெகட்டிவுக்கு டிஜிட்டல் ஐஸ்னு தூசி நீக்குற வசதியை ஆஃப் பண்ணிடுங்க, அதோட அகச்சிவப்பு வெளிச்சம் வெள்ளியையும் தூசின்னு நினைச்சுக்கும்.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் மாதிரி புளிச்ச வாடை அடிச்சா ஃபிலிமே சிதைய ஆரம்பிச்சிருக்கு. தனியா வெச்சு அதை முதல்ல ஸ்கேன் பண்ணுங்க. ஏற்கனவே வளைஞ்சு சுருங்கியிருந்தா லேப்தான்.

## ஸ்கேன் நல்லா இருந்துச்சு, அனுப்பினதும் கெட்டுப்போச்சு. தேதியும் தப்பா காட்டுது

வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா சுருக்கிடும், டாக்குமெண்டா அனுப்புங்க.

கூகுள் போட்டோஸ்ல 1978 கல்யாணம் இந்த வருஷத்து பிரியாணிப் படத்துக்குப் பக்கத்துல வந்து நிக்குதுன்னா, ஃபைல்ல ஸ்கேன் பண்ணுன தேதிதான் இருக்கு. கூகுள் போட்டோஸ்லயே மொத்தமா செலக்ட் பண்ணி தேதி மாத்தலாம், ஆனா ஃபைலுக்குள்ளயே மாறணும்னா எக்ஸிஃப்டூல்னு இலவச டூல் இருக்கு. வருஷம் தெரியலைன்னா போட்டோவோட பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி அதே பேர்ல "பின்"னு சேர்த்து வைங்க. சித்தப்பா பென்சில்ல எழுதுன "மதுரை, சித்திரை" மாதிரி அரைகுறைக் குறிப்புதான் இருக்கும், அதை வெச்சு பெரியம்மாவுக்கு ஒரு போன் போட்டா வருஷமும் சொல்லுவாங்க, அன்னிக்கு யாரு யாருகூட சண்டை போட்டாங்கன்னும் சொல்லுவாங்க.